பெருவிரல் முகாம்

செப்டம்பர் 13, சனி

இன்று முழுக்கப் பெருவிரல் துடைத்தேன்.

அப்பாவின் கடைக்கு ஆவுடை மொபைல்ஸ் என்று பெயர். ஆவுடை நான்தான். பத்தாம் வகுப்பு, பி பிரிவு. கடைக்கு என் பெயர் இருப்பதால் சனி, ஞாயிறு நான் கடையில் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் நியாயம். கடை என்றால் தனிக் கட்டடம் இல்லை. எங்கள் வீட்டின் முன்னறைதான். நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் அம்மா பீடி சுற்றுகிறாள்.

பள்ளிக்கூடம் போகும் எங்களை மாதிரிப் பெண்களை விட்டால், எங்கள் தெருவில் பீடி சுற்றாத பெண் கைக்குழந்தை மட்டும்தான். இலையை வைத்து, தூளை வைத்து, வருடக்கணக்கில் உருட்டி உருட்டி எல்லோருக்கும் பெருவிரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடைக் கருவிக்கு அவர்களை அடையாளம் தெரியாது. நாலு தடவை, ஐந்து தடவை வைப்பார்கள். சேலையில் துடைத்து வைப்பார்கள், ஊதி வைப்பார்கள். கருவி சம்மதித்தால் அரிசி, இல்லாவிட்டால் நாளைக்கு.

சிம் வாங்குவதற்கும் இப்போது பெருவிரல் வைக்க வேண்டும். அப்பாவின் கைபேசியோடு ஒரு சின்னக் கருவி இணைந்திருக்கும். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, அதன் மேல் வைத்து, அழுத்திப் பிடிப்பது என் வேலை. அப்பா கைபேசித் திரையைப் பார்த்து, "விழல" என்பார். நான், "அத்தை, விழலயாம். இன்னொரு தடவை வைங்க" என்பேன். யாரும் கோபப்படுவதில்லை. சொர்ணம் பெரியம்மா கருவியிடமே மன்னிப்புக் கேட்டாள்.

"கோவிச்சுக்கிடாத ராசா. எங்கை அப்படி."

ஒரு சிம் வாங்கினால் ஒரு நீல வாளி இலவசம். கம்பெனி கொடுக்கிறது. வாளியில் 5ஜி என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது.

இதை ராத்திரி எழுதுவதற்குக் காரணம் பகலில் நேரம் இல்லாததுதான். நோட்டைக் காலி வாளிகளுக்கு அடியில் வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் பெருவிரல். சோற்றில் புகையிலை வாடை அடிக்கிறது. கணக்கு வீட்டுப்பாடம் முடிக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கிளாட்வின் சார் வந்தார். கம்பெனியின் ஏரியா மேனேஜர், நாகர்கோவில்காரர். காரை விட்டு இறங்கினாலும் ஏசியை அணைக்க மாட்டார். திரும்பிப் போகும்போது கார் சூடாக இருக்கக் கூடாதாம்.

கையகலக் கணினியில் ஒரு கோட்டைக் காட்டினார். இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குக் கோடு ஏறிக்கொண்டே போனது.

"அண்ணாச்சி, உலகம் எங்க போவுது தெரியுமா? உலகத்துல மூணு கனெக்‌ஷன்ல ஒண்ணு இப்ப 5ஜி. கொரியாக்காரன் போயிட்டான். சீனாக்காரன் போயிட்டான். உங்க தெரு எங்க நிக்கி?"

"தண்ணிக் குழாயில நிக்கி சார்" என்றாள் அம்மா திரைக்குப் பின்னாலிருந்து.

அப்பா திரையை முறைத்துவிட்டு, "சார், நம்ம ஊருக்கு 5ஜி டவரே இன்னும் வரலயே" என்றார்.

"பொண்ணு பாக்கதுக்கு முன்னாலயே மண்டபம் புடிப்பாங்களா அண்ணாச்சி? முதல்ல கஸ்டமர். டவர் பின்னால வரும்."

"எல்லாவளும் பட்டன் போனுதான வச்சிருக்கா. அதுல எப்படி சார் 5ஜி?" மறுபடியும் அம்மா.

"அக்கா, சிம் போட்டா சந்தாதாரர். போன் அவங்க சொந்த விஷயம்."

இதை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். டவர் இல்லை, போன் இல்லை, சந்தாதாரர் மட்டும் இருக்கிறார். அப்படியும் கோடு ஏறுகிறது. அறிவியல் பாடத்தில் இதற்கு ஏதாவது விதி இருக்கும்.

கிளம்பும்போது சார் குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் பேசினார். மாதக் கடைசிக்குள் இலக்கு வரவில்லை என்றால் டீலர்ஷிப்பைச் சுரண்டையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். பிறகு, "கை வைக்கும்போது ஒண்ணுக்கு ரெண்டா, மூணா வாங்கிக்கோங்க. இதெல்லாம் நான் சொல்லியா தரணும்? எல்லா ஊர்லயும் நடக்கதுதான்" என்றார். நான் பக்கத்தில் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. அவருக்கு இதற்கு முன்னால் மூன்று தொழில் நொடித்திருக்கிறது. கடைசியாக வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை.

செப்டம்பர் 27, சனி

காலாண்டு விடுமுறை. காலையில் தெருக்குழாயில் வரிசையாக நீல வாளிகள். எல்லாவற்றிலும் 5ஜி. தண்ணீர் மட்டும் பழைய வேகத்தில்தான் வந்தது.

செல்லக்கனியின் அம்மா தங்கபுஷ்பம் அத்தை கடைக்கு வந்தார். செல்லக்கனி என் பக்கத்து பெஞ்ச். அவள் அப்பா கொல்லத்தில் பரோட்டா போடுகிறார். வாளிக்காகத்தான் வந்தேன் என்று அத்தை மறைக்காமல் சொன்னார்.

"ஏ ஆவுட, எங்கையப் பாரேன். ரேஷன்காரன் ஒனக்கு ரேகையே இல்லங்கான். நான் பொறந்ததே அவனுக்குச் சந்தேகமா இருக்கு."

துடைத்து வைத்தேன். அப்பா, "விழல தங்கச்சி" என்றார். மறுபடி வைத்தேன். "சர்வர் போச்சு." மறுபடி. "இப்ப லேசா விழுது, இன்னும் ஒண்ணு." நாலாவது தடவை, "ஆங், விழுந்துட்டு!" அத்தைக்குப் பரீட்சையில் தேறியது மாதிரி சந்தோஷம். வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார், வெயிலுக்கு.

அப்பாவின் கைபேசித் திரை எனக்குத் தெரியாது. அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அலமாரியில் மட்டும் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதில் பச்சையாக ஒரு டிக் தெரிந்தது. ஆனால் அது பழைய கண்ணாடி, அழுக்கு வேறு. பச்சை மாதிரித் தெரிவதெல்லாம் பச்சையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அப்பாவுக்கு விருது. திருநெல்வேலியில் பெரிய ஹோட்டலில் விழா. பக்கத்து வீட்டு மாமாவின் கல்யாணக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். கேடயத்தில் 'வளர்ச்சி நாயகன்' என்று இருக்கிறது. எங்கள் தெருவில் இருக்கும் ஆட்களைவிட அதிகமான இணைப்புகளை எங்கள் தெருவில் கொடுத்தவர் என்று கிளாட்வின் சார் மேடையில் பாராட்டினாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

இது தெரிந்து எஸ்தர் டீச்சர் போன் செய்தார். அறிவியல் கண்காட்சிக்கு 'உலக அளவில் 5ஜியின் வளர்ச்சி' என்று ஒரு சார்ட் வரைய வேண்டும், மொபைல் கடைப் பிள்ளைக்குத்தான் அது பொருத்தம் என்றார். சாயங்காலம் வரைந்தேன். கோட்டை ஏற்றிக்கொண்டே போனேன். இடம் போதாமல் இன்னொரு சார்ட் ஒட்டினேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "ஏளா, இந்தக் கோடு எங்க போயி முட்டும்?" என்றாள்.

தெரியாது என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்கு வந்து போகும் ஒரு அண்ணன் இன்றும் வந்தான். அப்பா ஒரு மிட்டாய் டப்பாவைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு போய்விட்டான். எங்கள் கடையில் மிட்டாய் விற்பதில்லை. டப்பாவை ஆட்டினால் சிம் அட்டைச் சத்தம் கேட்கும். நான் ஆட்டிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

விளக்கைப் போடாமல் எழுதுகிறேன். எழுத்து கோணினால் அதனால்தான்.

செல்லக்கனி இன்று பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் தமிழ் நோட்டைக் கொடுக்கப் போனேன். வாசலில் போலீஸ் ஜீப். வடக்கேயிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்கத் தென்காசியிலிருந்து ஒரு ஏட்டு. தங்கபுஷ்பம் அத்தை மடியில் பீடி சுற்றும் சுளவு முறத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"நீ கஸ்டம்ஸ் ஆபீசர்னு சொன்னியாம்மா?" என்று ஏட்டு கேட்டார்.

"இல்ல சார். பீடி."

"ஒம் பேருல இருக்க நம்பர்லருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்குப் பேசிருக்கு. ஒனக்குப் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கு, ஒன்னக் கைது பண்ணிட்டோம், ரூம விட்டு வெளிய வரக் கூடாதுன்னு போன்லயே பூட்டி வச்சிருக்காவ. இருந்த பணத்த எல்லாம் உருவிட்டாவ. எல்லாம் ஹிந்தில."

"ஹிந்தியா?"

"ஹிந்திலதான் மிரட்டிருக்கு."

"சார், நான் எம் புருசன தமிழ்லகூட மிரட்டுனதில்ல."

ஏட்டு மீசையைத் தடவுவது போல வாயை மூடிக்கொண்டார். வடக்கத்தி அதிகாரி அதை மொழிபெயர்க்கச் சொன்னார். ஏட்டு மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அந்த வாத்தியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பேச்சு போய்விட்டது என்றார். அதை ஏட்டு தமிழில் சொன்னபோது அத்தை, "ஐயோ பாவம். பிள்ளையளு இருக்கா?" என்று கேட்டார்.

இருபத்தெட்டாம் தேதி தென்காசி ஸ்டேஷனுக்கு வர வேண்டுமாம். அங்கிருந்து வடக்கே கூட்டிக்கொண்டு போவார்களாம். அது எவ்வளவு தூரம் என்று செல்லக்கனி கேட்டாள். ரெண்டு ராத்திரி ரயில் என்றார் ஏட்டு.

தமிழ் நோட்டைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அத்தையைப் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை கூட வந்தால் நன்றாக இருக்கும் என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

அத்தை அழுது முடித்திருந்தார். "அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒரே ஒரு சிம்மு வாங்கினேன். அது இந்தா போனுக்குள்ள கெடக்கு. இன்னொரு நம்பரு எங்கருந்து வந்துச்சு?"

அப்பா ஒரு பழத்தை உரித்து அத்தையிடம் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"தங்கச்சி, ரேகை தேஞ்சா இதான் வில்லங்கம். மொட்டையா இருக்க கை எவ கையோடயும் ஒத்துப் போவும். வடக்க எவளோ ஒருத்தி கை வச்சிருக்கா, அது ஒங்கையோட ஒத்துப் போயிட்டு. மெஷினு என்ன பண்ணும், பாவம்?"

"அப்போ தப்பு எங்கையிலயா அண்ணாச்சி?"

"கையிலதான்."

அத்தை தன் வலது பெருவிரலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மற்ற நாலு விரலுக்குள் மடித்து, முந்தானையால் மூடிக்கொண்டார். வேலை கெடுத்த பிள்ளையை உள்ளே பிடித்துத் தள்ளுவது மாதிரி இருந்தது.

வரும் வழியில் அப்பா, "நீ படிப்பப் பாரு" என்றார். நான் எதுவும் கேட்கவே இல்லையே.

அம்மாவும் எதுவும் கேட்கவில்லை. பழம் கொடுத்தாச்சா என்றுகூடக் கேட்கவில்லை. இன்று அம்மா சுற்றிய பீடியில் பாதி பிரிந்துபோனது. பீடிக் கடையில் திருப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கிளாட்வின் சார் இனிப்புப் பெட்டி அனுப்பினார். மேலே 'வளர்ச்சியின் சுவை' என்று அச்சடித்திருந்தது. நான் தொடவில்லை, பல்வலி. செல்லக்கனி வீட்டில் வெடிச் சத்தம் இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

அப்பா ஒரு ஆளிடம் சொன்ன பொய் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பெண்களுக்கெல்லாம் தங்கள் பெருவிரலைப் பார்த்தே பயம். ஒருத்தி நெய் தடவுகிறாள். ஒருத்தி கற்றாழை வைத்துக் கட்டியிருக்கிறாள். சொர்ணம் பெரியம்மா ராத்திரி பாலில் ஊறவைக்கிறாளாம், காலையில் அதே பாலில் காப்பி போடுகிறாளா என்று கேட்க ஆசையாக இருந்தது. பேங்கில் பணம் எண்ணுகிறவர்கள் மாட்டும் ரப்பர் உறையை ஒருத்தி வாங்கி மாட்டிக்கொண்டு பீடி சுற்றுகிறாள். வடக்கே தன் கையோடு ஒத்துப்போகும் பெண் நல்லவளாக இருக்க வேண்டும் என்று ஒருத்தி நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

நேற்று நாலைந்து பேர் சேர்ந்து கடைக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, எங்க கை எவளோடயாவது ஒத்துப் போயிருக்கான்னு ஒங்க மெஷின்ல பாத்துச் சொல்லுங்களேன்."

அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். டீ ஆறும்வரை யோசித்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். கேடயம் வாங்கிய போட்டோவில்கூட அப்படி ஒரு வெளிச்சம் இல்லை.

இன்று காலையில் பேனர் வந்துவிட்டது. 'இலவசப் பெருவிரல் பரிசோதனை முகாம். ஞாயிறு காலை. அனைவரும் வருக.' கிளாட்வின் சார் போனில் கத்தியது திரைக்குப் பின்னால் எனக்கே கேட்டது.

"அண்ணாச்சி, நீங்க ஜீனியஸ்! இத ஸ்டேட் லெவல்ல பண்ணலாம்!"

திருட்டு போன வீட்டுக்காரர்களையே வரிசையில் நிற்க வைத்து இன்னொரு தடவை ரேகை எடுப்பது. ஜீனியஸ்தான்.

இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். அப்பாவைப் பற்றி இப்படி எழுதலாமா? எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

அடிக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

செல்லக்கனி டியூஷனுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஏளா, ரயில்ல சோறு குடுப்பாவளா?"

"குடுப்பாவ."

"எங்க அம்மைக்கு ரொட்டி ஆவாது. நெஞ்சு கரிக்கும்."

நான் பேனாவுக்கு மூடி போட்டேன்.

"ஒங்க அப்பாட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுதியா? கை மாத்த ஆப்பரேசன் உண்டா? எங்கையிலருந்து தோல எடுத்து அம்மைக்கு வைக்கலாமா? எனக்கு ரேகை நல்லாருக்கு. நான் பீடி சுத்தல."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என்னால் அதைத்தான் சொல்ல முடிந்தது.

நான் வாயைத் திறந்தால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள். திறக்காவிட்டால் தங்கபுஷ்பம் அத்தையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இரண்டு பேருமே எனக்குத் தலை சீவிவிட்டிருக்கிறார்கள். அப்பா நன்றாகச் சீவ மாட்டார், கோணலாக வகிடு எடுப்பார். இதையெல்லாம் வைத்து எப்படி முடிவு செய்வது?

தவிர, நான் பார்த்தது அழுக்குக் கண்ணாடியில்தான். உறுதியாக என்ன சொல்ல முடியும்?

சாயங்காலம் கடையைக் கூட்டினேன். அலமாரிக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்தேன். தீபாவளிக்குத் துடைக்காமல் விட்டது, வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே வரிசை தெருமுனை வரை போய்விட்டது. வாசலில் வாழைமரம். கிளாட்வின் சார் ரிப்பன் வெட்டினார். உலகம் போகும் திசையில் இந்தத் தெருவும் கை நீட்டுகிறது என்று பேசினார். பெண்கள் நிஜமாகவே கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சார் ஒரு வடையை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

முதலில் வந்த ஏழெட்டுப் பேருக்கு நான் எப்போதும் போலச் சொன்னேன். "விழலயாம். இன்னொரு தடவை வைங்க." என் குரல் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் பச்சை.

பிறகு தங்கபுஷ்பம் அத்தை வந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கழிச்சு ஸ்டேஷனுக்குப் போறேன். அதுக்கு முன்னால சரியாயிட்டான்னு பாத்துருங்க. பத்து நாளா சுளவத் தொடல. நெய்யி தடவுனேன்."

விரல் பளிச்சென்று இருந்தது. துடைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் துடைத்தேன். கருவியில் வைத்து அழுத்தினேன். பச்சை.

"விழலயே தங்கச்சி" என்றார் அப்பா. "ஆவுட, நல்லாத் துடைச்சு வை."

அத்தை முகம் சுருங்கியது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

"விழுந்துட்டு" என்றேன்.

"என்னது?"

"விழுந்துட்டு அத்தை. மொதத் தடவையே விழுந்துட்டு. ஒங்க கை நல்லாத்தான் இருக்கு."

அத்தை என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு விரலை உயரத் தூக்கிக்கொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "ஏ சொர்ணம்! எங்கை நல்லாருக்காம்! மொதத் தடவையே விழுந்துட்டாம்!"

வரிசை கைதட்டியது. அடுத்தவள் முண்டிக்கொண்டு கையை வைத்தாள். பச்சை. "விழுந்துட்டு." அடுத்தவள். "விழுந்துட்டு." யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஒருத்தி குலவை போட்டாள். அப்பாவும் சிரித்தார், வேறு வழியில்லை. அவர் காதுக்குப் பின்னால் வேர்வை இறங்கியது.

சொர்ணம் பெரியம்மா வைத்துவிட்டு நகரவில்லை. அறுபது வயதாகிறது, எதையும் இரண்டு தடவை யோசிப்பாள்.

"ஏ பிள்ள, ஒங்க அப்பனுக்கே தெரியாதது ஒனக்கு எப்படித் தெரியுது?"

"பச்சையா டிக் வரும் பெரியம்மா. பின்னால கண்ணாடில தெரியும்."

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"அப்போ போன மாசம் நான் வைக்கும்போது?"

"வந்துச்சு."

"நாலு தடவ வச்சேனே. எத்தனாவது தடவ வந்துச்சு?"

அப்பா என்னையே பார்த்தார். மிரட்டுகிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"நாலு தடவையும்" என்றேன்.

"அப்போ நாலு சிம்மு." பெரியம்மா விரல் விட்டு எண்ணிவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "எனக்கு ஒரு வாளிதான சொரிமுத்து குடுத்த? மிச்சம் மூணு வாளி எங்க?"

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் மூணு, எனக்கும் ரெண்டு என்று வாளி கேட்டார்கள். தங்கபுஷ்பம் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தூக்கிய கை மெதுவாக இறங்கியது. அவரைப் பார்த்து ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"அண்ணாச்சி" என்றார் அத்தை. "எங்கையிலதான் தப்புன்னீங்க."

"தங்கச்சி, சர்வருல..."

"எங்கையிலதான் தப்புன்னு பழம் உரிச்சுக் குடுத்தீங்களே."

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கிளாட்வின் சார் உட்கார்ந்த இடத்தில் பாதி வடை இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். மடியெல்லாம் புகையிலைத் தூள். அப்பாவின் கையிலிருந்து கைபேசியையும் கருவியையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பா தடுக்கவில்லை.

"யாரும் வீட்டுக்குப் போவாதீங்க" என்றாள் அம்மா. "ஏட்டுக்குப் போன் போடுங்க, வரட்டும். எல்லாரும் இங்ஙனயே இருங்க. நானும் ஒங்க கூடத்தான் நிக்கேன். எம் பேருலயும் எத்தன இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

படியிறங்கிப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

ஏட்டு நேற்று சாயங்காலமே வந்து எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போனார். கைபேசியும் கருவியும் அவரிடம். அப்பாவை நாளைக் காலை அவராகவே தென்காசி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓட மாட்டார் என்று ஏட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கு ஓடுவதற்கு ஊர் எதுவும் தெரியாது.

அம்மா பெயரில் ஒன்பது இணைப்புகள். ஒரு ஆளுக்கு அதுதான் உச்சவரம்பாம். அம்மாவிடம் போனே கிடையாது.

அப்பா இன்று பலமுறை கிளாட்வின் சாரைக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டு மாமாவின் போனிலிருந்து. கடைசியில் எடுத்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"எந்த சொரிமுத்து?"

"ஆவுடை மொபைல்ஸ் சார். வளர்ச்சி நாயகன்."

"சாரி, நிறைய டீலர்ஸ். ஞாபகம் இல்ல."

உலகம் முழுக்க எத்தனை இணைப்பு என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். கண்காட்சியில் என் சார்ட்டுக்கு முதல் பரிசு என்று எஸ்தர் டீச்சர் சொன்னார். என் கோட்டில் எங்கள் தெரு இருக்கிறது. எங்கள் தெரு மட்டும்தான் அப்படியா என்று தெரியவில்லை. எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்று சார் அன்றைக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. இப்போது எழுதுகிறேன்: கேட்டது. பச்சையும் தெரிந்தது, முதல் நாளிலிருந்தே.

பள்ளியில் யாரும் என்னோடு பேசவில்லை. செல்லக்கனி பெஞ்ச் மாறி உட்கார்ந்துகொண்டாள். மதியம் மட்டும் வந்து, "எங்க அம்ம கேட்டுட்டு வரச் சொன்னா. நாளைக்கு அவகூட வாரியா? நீ பாத்தத அங்ஙன சொன்னாப் போதுமாம்" என்றாள். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். வருகிறேன் என்றேன்.

ராத்திரி அம்மா தோசை சுட்டாள். மூன்று பேருக்கும் தட்டு வைத்தாள். அப்பா தோசையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார், வாய்க்குப் போகவில்லை. நான் இரண்டு தோசை சாப்பிட்டேன். இந்த வீட்டில் இத்தனை நாளும் அதிகமாகப் பயந்தது நான்தான் என்று நினைத்திருந்தேன்.

"ஆவுட" என்றார் அப்பா. "காலைல நான் பஸ்ஸுலதான் போறேன். நீயும் அப்பா கூட வாரியா?"

அம்மா தோசைக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இல்லப்பா. நான் தங்கபுஷ்பம் அத்தையோட ஆட்டோல வாரேன்."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். கையைக் கழுவ எழுந்தவர் வாசப்படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"ஓரத்துல உக்காராத. ரோடு மோசம்."